குற்றவாளி யார்?
முதலியார்பேட்டைப் பஞ்சாயத்துக்கு நம் பதில்

சென்ற மாதம் முதலியார்பேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து நடந்தது. சொத்துத் தகராறு அல்ல, கடன் தகராறும் அல்ல. மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இடுப்புக்குக் கீழே முதுகில் கட்டியோடு பிறந்தது. ஆபரேஷன் ஆயிற்று, உயிர் பிழைத்தது. வாய் ஓயாமல் பேசுகிறது, பாடுகிறது, எதிர்வீட்டுக் கோழிக்கெல்லாம் பேர் வைத்திருக்கிறது. ஆனால் கால் நிற்கவில்லை. மூத்திரம் தானாக வடிகிறது. இதற்குத் தாய்தான் காரணம், அவளைத் தீர்த்துவிட்டு மகனுக்கு வேறு பெண் கட்ட வேண்டும் என்று மாப்பிள்ளையைப் பெற்றவள் கேட்கிறாள்.

"எங்க வம்சத்துல இப்படி ஒரு பிள்ளை கெடையாது. பொண்ணு வீட்டுப் பின்னணிய விசாரிக்காம கட்டிட்டோம்" என்றாள் அந்த அம்மாள்.

பெண்ணின் தகப்பனார் ரோடியர் மில்லில் ரிங் பிரேமில் முப்பது வருஷம் நின்றவர். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அக்கா, உன் வம்சமும் என் வம்சமும் ஒண்ணுதானே!"

ஆம், தோழர்களே! மாப்பிள்ளை அந்தப் பெண்ணுக்குச் சொந்த அத்தை மகன். எந்த வீட்டுப் பின்னணியை விசாரிக்க வேண்டும் என்று அந்த அம்மாள் கூச்சலிட்டாளோ, அந்த வீட்டில்தான் அவளே பிறந்தாள்! கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கிரகணத்தன்று அந்தப் பெண் அரிவாள்மணையில் காய் நறுக்கினாள் என்று ஒரு பெரியவர் புதிதாக ஒரு குற்றச்சாட்டை எடுத்து வைத்தார். எல்லோரும் தலை ஆட்டினார்கள்.

நாமும் அந்தத் திண்ணையில் இருந்தோம். சங்கத்து ஆள் என்று மரியாதையாக அழைத்திருந்தார்கள். நாம் வாய் திறக்கவில்லை. 'குடும்ப விஷயம்' என்று இருந்துவிட்டோம். மாப்பிள்ளை நம் சங்கத்து அங்கத்தினன், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் காண்டிராக்ட் வேலை செய்கிறவன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் வியாதி என்ன என்று தெரிந்துகொள்வோம். வைத்திய நூல்கள் இதை ஸ்பைனா பிஃபிடா என்கின்றன. முதுகெலும்புப் பிளவு என்று தமிழில் சொல்லலாம். கரு உண்டான ஆரம்பத்தில் முதுகுத்தண்டும் மூளையும் ஒரு தட்டையான பட்டையாகத்தான் இருக்கின்றன. அந்தப் பட்டை இரு ஓரமும் மேலெழுந்து சுருண்டு, ஒட்டிக் குழாயாகிறது. பாயைச் சுருட்டி முனையை ஒட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே ஒட்டாமல் போகிறதோ அங்கே நரம்பு வெளியே திறந்து கிடக்கிறது. அதற்குக் கீழே உள்ள கால், சிறுநீர்ப்பை, குடல் எல்லாம் பாதிக்கப்படுகின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலையில் நீரும் தேங்குகிறது.

இந்த ஒட்டுவேலை கரு உண்டான 28-வது நாளுக்குள் முடிந்துவிடுகிறது. இந்த 28 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டே வாரம் ஆகியிருக்கும். தான் உண்டாகியிருக்கிறோம் என்பது பல பெண்களுக்கு அப்போது தெரியவே தெரியாது.

இனி அந்தப் பெரியவரின் கிரகணத்துக்கு வருவோம். கிரகணம் ஒரு வீட்டின் மேல் மட்டும் பிடிப்பதில்லை. முதலியார்பேட்டையில் பிடித்த கிரகணம் அதே நிமிஷத்தில் அரியாங்குப்பத்திலும் வில்லியனூரிலும் பிடித்தது. அன்று எத்தனை கர்ப்பிணிகள் காய் நறுக்கினார்கள், நெல் குத்தினார்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தார்கள்! அவர்கள் பெற்ற பிள்ளைகளெல்லாம் ஓடி விளையாடுகின்றன. மேலும், அந்தக் கிரகணத்தின்போது பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். முதுகு மூடிக்கொள்ளாமல் போனதோ முதல் மாதத்திலேயே! நடந்து நாலு மாதமான காரியத்துக்கு அரிவாள்மணை எப்படி ஐயா பொறுப்பாகும்?

சொந்தத்தில் கட்டினால் வரும் என்று இன்னொருவர் சொன்னார். இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. உறவுக்குள் மணந்த பெற்றோரின் பிள்ளைகளிடையே இக்குறை கூடுதலாகக் காணப்பட்டதென்று தென்னிந்தியாவில் நடந்த ஆய்வு உண்டு. சரி, சொந்தத்தில் கட்டி வைத்தது யார்? அந்தப் பெண்ணா? நகை குறைவாகப் போதும், பெண் வீட்டோடு இருப்பாள் என்று கணக்குப் போட்டுக் கட்டி வைத்தவர்கள் அன்று பஞ்சாயத்தில் நீதிபதிகளாக உட்கார்ந்திருந்தார்கள்! பெண் மட்டும் குற்றவாளிக் கூண்டில். பிள்ளைக்குப் பரம்பரைச் சரக்கில் பாதி தகப்பனிடமிருந்து வருகிறது என்பதையும் அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அப்படியானால் குற்றவாளி யார்? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளுக்குப் போனால் போதும்.

1928-ஆம் வருஷம் லூசி வில்ஸ் என்ற ஆங்கில வைத்தியப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். பிள்ளை உண்டான ஆலைத் தொழிலாளிப் பெண்கள் ரத்தம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கிருமி என்று மற்றவர்கள் தேடியபோது, அவர் இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அரைவயிற்றுக்குச் சோறு அல்லது ரொட்டி. காய், கீரை, பழம், பால் அபூர்வம். நமது குன்னூரிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். கடைசியில் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தபோது பெண்கள் தேறினார்கள். 1931-இல் இதை உலகுக்கு எழுதினார். ஈஸ்டிலிருந்த அந்தப் பெயர் தெரியாத பொருளுக்கு 'வில்ஸ் காரணி' என்றே பேர் வந்தது. 1941-இல் அமெரிக்காவில் நாலு டன் பசலைக்கீரையை அரைத்துப் பிழிந்து ஒரு சத்தைப் பிரித்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம் என்று பேர். அதனால் அச்சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். பம்பாய்ப் பெண்களைக் காப்பாற்றியதும் அந்த வகைச் சத்துதான் என்று பிறகு தெளிவாயிற்று.

கவனியுங்கள். உலகம் இந்தச் சத்தை அறிந்துகொண்டது பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்ணின் வெளுத்த ரத்தத்திலிருந்து. அந்தச் சத்துத்தான் முதுகுத்தண்டை மூடவும் வேண்டியிருக்கிறது!

ஏழைக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவை வெள்ளைக்காரர்களே தங்கள் ஊரில் கண்டார்கள். சென்ற நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தில் கணக்கெடுத்தபோது, மூளையும் மண்டையும் உருவாகாமல் பிறக்கும் சிசுக்கள் மேல்தட்டு வீடுகளைவிடக் கூலிக்காரர் வீடுகளில் பல மடங்கு அதிகமாக இருந்தன. முதுகெலும்புப் பிளவின் உடன்பிறப்புத்தான் அது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் ஹாலந்தைப் பட்டினி போட்டார்கள். அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவான குழந்தைகளிடையே இந்தக் குறை கூடியது. லீட்ஸ் நகரத்து ஸ்மித்தெல்ஸ் என்ற டாக்டரும் அவர் தோழர்களும், இத்தகைய பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தத்தில் ஃபோலேட் குறைந்திருந்ததை 1976-இல் காட்டினார்கள்.

பிறகு வந்தது முடிவான நிரூபணம். ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளையைக் கருவுற்ற 1,817 பெண்களை 7 நாடுகளில் சேர்த்துப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சோதனை நடத்தியது. கரு உண்டாவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், நோய் மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. கொடுக்காமலிருப்பது அநியாயம் என்று 1991-இல் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

1991! அந்தப் பஞ்சாயத்துத் திண்ணையில் நின்ற பெண் அப்போது பிறக்கவே இல்லை. அவள் பிறந்து வளர்ந்து, பள்ளிக்குப் போய், கட்டிக்கொடுக்கப்பட்டு, உண்டாகும் வரை சர்க்காருக்கு அவகாசம் இருந்தது. என்ன செய்தார்கள்?

வேறு நாடுகள் செய்ததைப் பார்ப்போம். 1998-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மாவில் ஃபோலிக் அமிலம் கலப்பது கட்டாயமாயிற்று. 2000-இல் சிலி நாடும் தொடங்கியது. கனடாவில் இந்தக் குறைகள் 46 சதவீதம் வீழ்ந்தன. அமெரிக்கா ஒன்றும் பாட்டாளிகளின் சர்க்கார் அல்ல, முதலாளிகளின் கோட்டை. அங்கேகூட ரொட்டியில் கலந்துவிட்டார்கள்! இன்று அந்த நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு. நம் புதுச்சேரியில் ஜிப்மர் டாக்டர்கள் 2005-இல் வெளியிட்ட கணக்குப்படி ஆயிரத்துக்கு ஐந்துக்கு மேல். அது பெரிய ஆஸ்பத்திரி, கடலூர், விழுப்புரத்துச் சிக்கலான கேஸ்களெல்லாம் அங்கேதான் வருகின்றன, அதனால் எண்ணிக்கை கூடத் தெரியும். கழித்துவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் எவ்வளவு!

"மாத்திரை கொடுக்கிறோமே!" என்பார்கள் அதிகாரிகள். கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எப்போது? பெண் மாதம் தள்ளி, மாமியாரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் பதிந்த பிறகு. அதற்குள் 28 நாள் போயே போய்விட்டது. அந்த மாத்திரை ரத்தசோகைக்கு நல்லது, அவசியம் சாப்பிட வேண்டும். ஆனால் பிளந்த முதுகை அது ஒட்டவைக்காது. கரு உண்டாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடியும் வரை தினம் 400 மைக்ரோகிராம் வேண்டும். புதிதாகக் கல்யாணமான எத்தனை பெண்களின் கையில் நம் ஊரில் இந்த மாத்திரை இருக்கிறது? மொய்ப்பணம் எழுதுகிற வீட்டில் இதற்கு ஒரு கவர் உண்டா?

"அரிசியிலேயே கலக்கிறோமே!" என்று அடுத்த பதில் வரும். 2021 சுதந்திர தினத்தன்று பிரதமர் செறிவூட்டிய அரிசியைப் பற்றி முழங்கினார். கணக்குப் போடுவோம். உணவுத் தர ஆணையம் விதித்த அளவு கிலோ அரிசிக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம். ஒரு பெண் நாளைக்கு 400 கிராம் அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டால் 30 முதல் 50 மைக்ரோகிராம் கிடைக்கும். வேண்டியதோ 400. எட்டில் ஒரு பங்குகூட உறுதியில்லை! கஞ்சி வடித்துக் கொட்டினால் அதிலும் கொஞ்சம் போகும்.

அந்த எட்டில் ஒரு பங்காவது புதுச்சேரிக்கு வந்ததா? 2015 செப்டம்பரில் நம் ஊரைச் சோதனைச்சாலை ஆக்கினார்கள். ரேஷன் அரிசிக்குப் பதில் பாங்கிக் கணக்கில் பணம். பின்னால் ரேஷன் கடைகளே பூட்டிக் கிடந்தன. 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தார்கள். பணம் வந்தது, சரி. ரூபாய் நோட்டில் ஃபோலிக் அமிலம் இருக்கிறதா? வந்த பணம் வட்டிக்கடைக்கும் சாராயக்கடைக்கும் போனது போக, மிச்சத்தில் வெளிச்சந்தை அரிசி. பருப்பு விலை கேட்டாலே மயக்கம் வருகிறது. பச்சைப்பயறும் உளுந்தும் காராமணியும் கீரையும்தான் இந்தச் சத்தைக் கொடுக்கிறவை. ஏ.எஃப்.டி. ஆலையை 2020-இல் ஒரேயடியாக மூடினார்கள். சம்பளம் நின்ற வீட்டில் முதலில் நிற்பது பயறா, அரிசியா என்று நாம் சொல்லித் தெரிய வேண்டுமா? பாகூரில் களை எடுக்கிற பெண்ணுக்கும் இதே கதைதான். வயல் நிறைய பச்சை, அவள் தட்டில் பழையது.

உப்பில் கலக்கலாம். இது நம் கற்பனை அல்ல. நம் நாட்டில் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. அதே உப்பில் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துத் தென்னிந்தியக் கிராமங்களில் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாலே மாதத்தில் ரத்தத்தில் ஃபோலேட் பல மடங்கு ஏறியது. 2024-இல் முடிவு வெளியாயிற்று. உலக சுகாதார மாநாடு 2023 மே மாதத்திலேயே, முதுகெலும்புப் பிளவைத் தடுக்க உணவில் சத்துச் சேர்க்கும்படி எல்லா நாடுகளையும் கேட்டுத் தீர்மானம் போட்டது. உப்பு வாங்காத ஏழை வீடு உண்டா? மரக்காணத்து உப்பளம் நம் கண்ணெதிரே கிடக்கிறது. கிரகணத்தைத் திட்டுகிற பெரியவர்கள் இந்தக் கேள்வியைக் கலெக்டரிடம் போய்க் கேட்கட்டுமே!

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பணக்கார வீட்டிலும் இந்தப் பிள்ளைகள் பிறக்கின்றன. சர்க்கரை வியாதி, சில வலிப்பு மருந்துகள், பரம்பரை, இன்னும் விளங்காத காரணங்களும் உண்டு. ஃபோலிக் அமிலம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. நன்றாகச் சாப்பிட்ட தாய்க்கும் நேரலாம். ஆகவே, "நீ கீரை தின்னவில்லை, அதனால்தான்" என்று நாளைக்கு இதே பஞ்சாயத்து அந்தப் பெண்ணை வேறு விதமாக அடிக்க நாம் ஆயுதம் கொடுக்கவில்லை. தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டவர்களைத்தான் கேட்கிறோம்.

பிறந்த பிறகு என்ன? இங்கேதான் வீட்டுக்கு வீடு பின்னணி பேசுகிறது. சிகாகோவில் ஹோம்பெக் என்ற பேராசிரியர் இத்தகைய பிள்ளைகள் உள்ள 68 குடும்பங்களையும், அதே வயதில் ஓடியாடும் பிள்ளைகள் உள்ள 68 குடும்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருஷக்கணக்காக ஆராய்ந்தார். கண்டது என்ன? அந்த வீடுகளில் சண்டை கூடுதல் இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் தாக்குப்பிடித்து நிற்கின்றன. ஆனால் வீட்டாருக்குள் ஒட்டுதல் குறைவது தெரிந்தது, அதிலும் வருமானமும் படிப்பும் குறைந்த வீடுகளில்தான் ஆபத்து அதிகம். பிள்ளைக்குச் சிநேகிதர்களும் குறைவு. பணக்கார அமெரிக்காவிலேயே நிலைமை இது! நம் முதலியார்பேட்டைத் தாய் நாலு மணிக்கு ஒருமுறை ரப்பர் குழாய் வைத்து மூத்திரம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும். இதற்கிடையில் அவள் எந்த வேலைக்குப் போவது? இடுப்பில் தூக்கிக்கொண்டு பால்வாடியில் சேர்க்கப் போனால், "நாங்க எப்படிம்மா பாத்துக்கறது" என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் ஒட்டுதல் குறையாமல் என்ன செய்யும்?

தகப்பன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளைத் தோழருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்று ஒரு தொழிலாளி. பூட்டுக் கம்பெனியில் மெக்கானிக். 1955-இல் அவருக்கும் இதே நோயோடு மகன் பிறந்தான். தலையில் நீர் தேங்கியது, அதை இறக்கும் குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது. ஹோல்ட்டர் பெண்டாட்டியின் வம்சத்தை விசாரிக்கப் போகவில்லை! தன் பட்டறைக்குப் போனார். நீர் ஒரு பக்கமாக மட்டும் போகும் சின்ன வால்வு ஒன்றைச் செய்தார். 1956-இல் அது பயனுக்கு வந்தது. அந்த வால்வினால் பிழைத்த குழந்தைகள் உலகமெங்கும் ஆயிரமாயிரம்.

அந்தக் குழாயிலும் லாபம் புகுந்தது, அது வேறு கதை. ஆனால் உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரில் செய்யும் குழாயை உகாண்டா நாட்டில் அமெரிக்கக் குழாயோடு ஒப்பிட்டார்கள். ஒன்று 35 டாலர், மற்றது 650 டாலர். ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில் பலனில் வித்தியாசமில்லை என்று 2005-இல் எழுதினார்கள். நம் தொழிலாளி கை செய்த பண்டம்!

இனி நம் பக்கத்துக் குற்றம். 1936 ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சு சர்க்கார் 12 ஆலைத் தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்ற ஊர் இது. அந்த ரத்தத்தின் பேரில் 8 மணி நேர வேலை வந்தது. வருஷா வருஷம் மாலை போடுகிறோம். போனஸ் கேட்டோம், பஞ்சப்படி கேட்டோம், ஆலையைத் திற என்று கேட்டோம். கல்யாணமான ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்த மாத்திரை வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோமா? ரேஷன் கடை பூட்டியபோது அரிசி போயிற்று என்று கத்தினோம், அதோடு எந்தச் சத்து போயிற்று என்று நமக்கே தெரியவில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் 21 வகை ஊனம் எழுதியிருக்கிறது, இந்த நோயின் பேர் அதில் தனியாக இல்லை. இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் நுழைத்துக்கொள்ள வேண்டும். கால் ஊனத்துக்கு மார்க் போடுகிறார்கள், மூத்திரப்பைக்கு யார் போடுவது? அந்தப் பெண் சர்டிபிகேட்டுக்கு மூன்று தடவை அலைந்தாள். சங்கத்திலிருந்து ஒருவர்கூடக் கூடப் போகவில்லை.

இப்போது செய்ய வேண்டியது சில. இவ்விதப் பிள்ளை பெற்ற தாய் அடுத்த பிள்ளைக்கு முன்பே டாக்டரிடம் போக வேண்டும். அவளுக்குச் சாதாரண அளவு போதாது, பத்து மடங்கு அளவு எழுதித் தருவார்கள். விலை அதிகமில்லை, ஒரு டீயைவிடக் குறைவு. புதுமணப் பெண்களுக்கு வீடு தேடி மாத்திரை, நூற்பாலை விடுதிகளில் இருக்கும் பெண்களுக்கு ஆலைச் செலவில் மாத்திரை, உப்பில் ஃபோலிக் அமிலம், ரேஷனில் அரிசியோடு பயறு என்று மனு தயாராகிறது. கையெழுத்து வாங்க முதலியார்பேட்டைத் தோழர்கள் தெருத்தெருவாக வருவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே திண்ணையில் பஞ்சாயத்து மறுபடி கூடுகிறது. இந்த அரிசிக் கணக்கையும் ஒரு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு நாம் போகிறோம். பிள்ளையும் அங்கே இருக்க வேண்டும் என்று பெண் வீட்டாரிடம் கேட்டிருக்கிறோம். மாப்பிள்ளைக்குச் சங்கத்தின் பேரால் ஆள் அனுப்பியாகிவிட்டது.